பேய்க்கு ஒரு குரல்

சென்னை
29.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்திபன் எழுதுவது. நான் நலம். ஹாஸ்டல் சாம்பாரும் நலம், போன வாரம் வைத்தது இன்னும் திடமாகவே இருக்கிறது. நீயும் அம்மாவும் நைனாவும் எப்படி இருக்கிறீர்கள்?

வாட்ஸ்அப்பில் கேட்காமல் எதற்கு லெட்டர் என்று முறைக்காதே. அதில் கேட்டால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணப் போய்விடுவாய். லெட்டர் என்றால் உட்கார்ந்து படிப்பாய், திட்டுவதற்காகவாவது பதில் போடுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த செமஸ்டரில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் பேய்ப்படம் விழுந்தது. ராமகிருஷ்ணன் சார் பேய்ப்படத்தின் சட்டதிட்டங்களை வகுப்பெடுக்கிறார். கதவு உடனே திறக்கக் கூடாதாம். பார்க்கிறவன் "இப்ப வரும், இப்ப வரும்" என்று காத்திருந்து, சரி வராது என்று மூச்சை விடும்போது வர வேண்டுமாம். கண்ணாடி வைத்தால் அதில் பின்னால் ஒரு ஆள் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே சத்தம். நேற்று ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டார். வகுப்பே சிரித்தது. அதையே சத்தத்தோடு போட்டபோது அனு என்கிற பெண் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். "பயம் கண்ணுல இல்லப்பா, காதுல இருக்குது" என்றார் சார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

பொங்கல் லீவில் ஊரில் வைத்து எடுக்கப் போகிறேன். செஞ்சிக் கோட்டைக்குள் கேமரா வைக்க அனுமதி வாங்குவதற்குள் என் படிப்பே முடிந்துவிடும். அதனால் தளவானூரில் கன்னியப்பன் மாமாவின் மோட்டார் கொட்டகை. பகலில் எடுத்து கம்ப்யூட்டரில் ராத்திரியாக்கிவிடலாம். என்னோடு படிக்கிற பீமாராவ் கேமரா. பேய்தான் இன்னும் கிடைக்கவில்லை. நீ நடிக்கிறாயா? வசனமே கிடையாது. கதவைத் திறந்து வந்து நின்று பார்த்தால் போதும். அந்தக் கண் வேறு யாருக்கும் வராது அக்கா, சத்தியமாக.

உன் தம்பி,
பாத்தி

✦

செஞ்சி
4.1.2025

தம்பி பாத்திக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மற்றபடி நலம். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் வரத்து ஆரம்பித்து லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நைனா மூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். தைலம் தேய்க்க வந்தால் அம்மாவைத் திட்டுகிறார், வராவிட்டாலும் திட்டுகிறார்.

ஊரில் இத்தனை பேர் இருக்க, பேய் என்றதும் உனக்கு அக்கா முகம்தான் கண்ணில் பட்டதா? நல்லா இருடா.

உங்கள் சார் இன்றைக்குக் கண்டுபிடித்ததை நான் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து எல்லாப் பேய்ப்படத்தையும் நான் சத்தமில்லாமல்தான் பார்க்கிறேன். ஒருத்தன் கதவையே பார்க்கிறான். கதவு திறக்கிறது. தலைவாராத ஒரு பெண் வருகிறாள். அவன் தலைதெறிக்க ஓடுகிறான். பாவம், அவளிடம் என்னம்மா வேண்டும் என்று ஒருத்தன் கேட்கிறானா? அந்த வெள்ளைப் புடவையை யார் துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறார்கள்? செத்துப்போனால் தலைக்கு எண்ணெயே வைக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? உங்கள் சாரிடம் கேட்டு எழுது.

நடிக்கிறேன். ஆனால் ஒரு கண்டிஷன். நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த பீமாராவ் முன்னால் "ஒரு வார்த்த சொல்லுக்கா" என்று ஆரம்பிக்காதே. நான் குரல் கொடுப்பது நம் வீட்டுக்குள்தான், அதிலும் வாய் நிறையப் பேசுவது உன்னிடம்தான் என்று உனக்குத் தெரியும். போளூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது நீ சின்னப் பையன். நான் "வாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதை உதட்டைப் பார்த்தே படித்துவிட்டேன். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, வாயத் தொறந்தா இன்னாவோ மாதிரி இருக்குது." இன்னாவோ மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அம்மாவைக் கேட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது, போடி" என்றாள். நைனாவும் அதையே சொன்னார். வளர்ந்த பிறகு உன்னைக் கேட்டேன், நீயும் அதையே சொன்னாய். காது போவதற்கு முன்னால் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்புறம் அது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. சரி விடு.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். கூட வேலை செய்கிற கலைச்செல்வி பார்த்துக்கொள்வாள். பொங்கலுக்கு வரும்போது அழுக்குத் துணி மூட்டையைக் கொண்டு வராதே.

இன்னும் சாகாத பேய்,
வளர்மதி

✦

சென்னை
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரிலிருந்து வந்ததும் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். எடிட்டிங்கிலேயே நாள் போய்விட்டது. நைனா இடுப்பு தேவலையா?

படம் நன்றாக வந்திருக்கிறது. நீ கதவைத் திறந்து வரும் ஷாட்டைப் பார்த்து பீமாராவ் "உங்க அக்கா கண்ண சிமிட்டவே இல்லடா" என்று வியந்துபோனான். மாமா தெரியாமல் மோட்டாரைப் போட்டு, வெள்ளைப் புடவையெல்லாம் நனைந்து, நீ வரப்பில் உட்கார்ந்து அவரை முறைத்தாயே, அதையும் அவன் எடுத்து வைத்திருக்கிறான். அதுதான் உண்மையான பேய் என்கிறான்.

சத்தத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இன்டர்நெட்டில் கிடைத்த அலறலைப் போட்டால் சார், "இதே அலறல போன வருஷம் நாலு படத்துல கேட்டுட்டேன்பா" என்று தள்ளிவிட்டார். நாய், கொலுசு, கதவு எல்லாம் போட்டுப் பார்த்தேன். உன் முகத்துக்கு எதுவும் ஒட்டவில்லை. பிறகு வேறொன்று கிடைத்தது. இப்போது சரியாகிவிட்டது.

சாருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் மாணவர் பட விழா. எங்கள் வகுப்பிலிருந்து என் படத்தைத்தான் அனுப்புகிறார்.

போனில் லிங்க் அனுப்புகிறேன். நீ மட்டும் பார். கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருக்காதே. அம்மாவுக்கு வேண்டாம், பேய்ப்படம் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

பாத்தி

✦

செஞ்சி
18.2.2025

தம்பி பாத்திக்கு,

யாருக்கும் காட்டாதே என்றால் நான் கேட்பேனா? நம் வீட்டில் சினிமாவில் நடித்த முதல் ஆள் நான். கடையில் பெரிய மானிட்டரில் போட்டோம். ஓனர், கலைச்செல்வி, கல்யாண பேனருக்கு வந்திருந்த ஒரு குடும்பம், எல்லோரும் நின்று பார்த்தார்கள். எனக்குப் படம் தெரியும் என்பதால் நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன். கதவு திறந்து நான் வந்ததும் அத்தனை தோளும் ஒரே நேரத்தில் தூக்கிப்போட்டது. ஓனர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அடடா, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! என்னைப் பார்த்து இத்தனை பேர் நடுங்குகிறார்களே என்று இருந்தது.

கலைச்செல்வி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். போன வருஷம் அவள் துப்பட்டா மெஷினில் சிக்கியபோது நான் கத்தியிருக்கிறேன். கடையில் என் சத்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னடி என்று சைகையில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு லேமினேஷன் பண்ணப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் காட்டினேன். அதே இடம் வந்ததும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பின்பக்கம் போனாள். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கேட்டால் "கண்ணுல தூசு" என்கிறாள். எனக்குக் காதுதான் இல்லை, கண் நன்றாகவே இருக்கிறது.

நான் வருகிற இடத்தில் என்ன சத்தம் போட்டிருக்கிறாய்? கேட்டால் இங்கே யாரும் சொல்வதில்லை. நீ சொல்லு. சுற்றி வளைக்காமல் சொல்லு.

அக்கா

✦

சென்னை
24.2.2025

அக்கா,

இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். அது உன் குரல்.

பீமாராவ் பேட்டரி வாங்க செஞ்சிக்குப் போயிருந்தான் இல்லையா, மத்தியானம்? மோட்டார் ஓடும் சத்தம் வேண்டும் என்று நான் ரெக்கார்டரைக் கொட்டகை வாசலில் வைத்திருந்தேன். யாரும் இல்லையென்று நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாய். "பாத்தீ, சாப்ட வாடா" என்று. அது பதிவாகிவிட்டது.

நான் வேண்டுமென்று பதியவில்லை. ஆனால் வேண்டுமென்றுதான் எடுத்துப் போட்டேன். சார் தள்ளிவிட்ட அன்று எல்லாப் பதிவையும் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஹாலையே நடுங்க வைக்க இது போதும் என்று. அப்போது அது நீ என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை. உன் குரலை நான் ஒன்றும் மாற்றவில்லை. முன்னால் 'பா' என்கிற ஒரு எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு, 'தீ' என்று இழுக்கிற இடத்தை எடுத்துப் போட்டேன். என் பெயரைத்தான் வெட்டியிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. வகுப்பில் படம் முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சார் கைதட்டலை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார், "இந்தச் சத்தத்த எங்கப்பா புடிச்ச?" எங்கள் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்தது. "கம்ப்யூட்டர்ல பண்ணது சார், ரெண்டு மிருகத்தோட சத்தத்த கலந்தேன்" என்றேன். என்ன மிருகம் என்று கேட்டார். நரியும் கழுதையும் என்றேன். இந்தக் கையாலேயே அதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறது பார்.

போன வாரம் பீமாராவ் ஹார்ட் டிஸ்க்கில் அந்த முழுப் பதிவைக் கேட்டுவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாருடா இவங்க, யாரையோ சாப்புடக் கூப்புடறாங்க" என்றான். முதல் தடவை கேட்டவனுக்கு அது புரிந்தது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று நீ முதலிலேயே சொன்னாய். திறக்காமலே உன்னைப் பேச வைத்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் விழாவிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறேன், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். மார்க் போனால் போகட்டும். திட்டியாவது எழுது அக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பார்த்திபன்

✦

செஞ்சி
3.3.2025

பார்த்திபனுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். பாதியில் மூடி வைத்துவிட்டு, தலைவலி என்று எழுதிக் காட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். பஸ் ஸ்டாண்டில் புடவை அவிழ்ந்து நின்ற மாதிரி இருக்கிறது. நானேதான் கடையில் எல்லோரையும் கூப்பிட்டு, பெருமையாக நின்று, போட்டுக் காட்டினேன். கலைச்செல்வி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படத்தை அழிக்காதே. அழித்தால் நான் நடித்ததும் அதோடு போய்விடும். அந்தக் கண் என்னுடையது, அதற்காக எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் நரி, கழுதை என்று நீ சொன்னதை நீதான் மாற்ற வேண்டும். பாண்டிச்சேரியில் படம் முடிந்ததும் எழுந்து நில். உங்கள் சார் இருக்கும்போதே சொல். "அது எங்க அக்கா. என்னச் சாப்புடக் கூப்புட்டாங்க." படத்திலும் எழுத்துப் போடு, நடிப்பு, குரல் என்று இரண்டுக்கும் என் பெயரை. உன்னால் முடியவில்லை என்றால் என் பெயரையே எடுத்துவிடு. நடுவில் எதுவும் எனக்கு வேண்டாம்.

இத்தனை வருஷமாக எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் நல்லாத்தான் இருக்குது என்றீர்கள். இப்போது தெரிந்துவிட்டது. இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. நீ முதன்முதலில் பேசியது என்னை மாதிரிதான். இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உன்னிடம் பேசிக்கொண்டிருந்தது நான்தானே? ஒன்றாம் வகுப்பில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "புள்ள ஏன் இப்பிடி இழுத்து இழுத்துப் பேசுது" என்று கேட்டார். அம்மா உன்னைக் கொஞ்ச நாள் தளவானூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டாள், என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது போகட்டும் என்று. போயும் விட்டது. திரும்பி வந்த அன்று நான் உன்னைக் கூப்பிடப் பயந்துகொண்டு நின்றேன். கடைசியில் கூப்பிட்டேன். நீ ஓடி வந்தாய். உலகத்தில் ஒரு ஆளுக்கு இந்தக் குரல் இன்னாவோ மாதிரி இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதனால்தான் உன்னிடம் மட்டும் அப்படிப் பேசினேன்.

சித்திரையில் லீவு விடுவார்கள். வா. வராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவை அழ வைக்காதே. நீ கேட்கிற கெளுத்தி மீன் குழம்பு வைக்கிறேன். சோறு ஆனதும் தட்டில் கரண்டியால் தட்டுகிறேன், வந்து சாப்பிடு. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கூப்பிட மாட்டேன்.

வளர்மதி