அம்மா கைக்கு எட்டும் கிடார்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சௌக்கியம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாயா என்று எழுது. என் இடது கை விரல் நுனியெல்லாம் கிடார் தந்தியை அழுத்தி அழுத்திக் கொப்புளம், எழுதுகிற கையும் அதுவே என்பதால் சின்னவளை உட்கார வைத்திருக்கிறேன், நடுவில் அவள் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நம்பாதே. அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, மாத்திரையை மறப்பது மட்டும் குறையவில்லை. டிப்போவில் எனக்கு வழித்தடம் மாற்றிவிட்டார்கள், காலை ஆறு மணிக்கே பஸ்ஸை எடுக்க வேண்டும். நேரமே கிடைக்காததால் கிடார் வகுப்பை இந்த வெள்ளியோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், நீ வருத்தப்படாதே, நீ வாங்கிக்கொடுத்தது அருமையான கிடார், தூசி படாமல் வைத்திருக்கிறேன்.

அக்கா, சொந்தச் சரக்கு இங்கே ஆரம்பம். அம்மா குளிக்கப் போயிருக்கிறாள், எனக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. மேலே சொன்னதில் மூட்டும் கொப்புளமும் ஆறு மணியும் நிஜம், நேரமில்லை என்பது மட்டும் உனக்குப் போட்ட பூட்டு. ஆறு மணிக்குப் போகிறவள் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கிறாள், நேரத்துக்கு என்ன பஞ்சம்? விஷயம் கிடார்தான். அது முழு அளவு, நம் அம்மா கை அரை அளவு, என் ஸ்கூல் கையுறையே அவளுக்கு லூஸ். நாலு மாசமாகத் தந்தி அடிக்கிறாள், ஒரு சேதியும் போய்ச் சேரவில்லை. சுண்டு விரலைப் பார்த்து எட்டு எட்டு என்கிறாள், அது ஏழரையோடு நின்றுவிடுகிறது. மடியில் தலையணை, காலுக்கடியில் டிபன் டப்பா, எல்லாம் பார்த்தாயிற்று, கடைசியில் எனக்குச் சங்கீதம் வராதுடி என்று மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பொறுக்கவில்லை, போய் அவளுடைய கிடார் சாரிடம் கேட்டேன். அவர் ஒரு ஸ்கேலை நீட்டிக் காட்டினார், முழு அளவில் தந்தி அதிர்கிற நீளம் அறுபத்தைந்து சென்டிமீட்டராம், சின்னக் கைக்கென்றே எட்டில் ஏழு என்று ஒரு அளவு உண்டாம், அதில் அறுபத்து மூன்று, கழுத்தும் கொஞ்சம் ஒடிசல். இரண்டு சென்டிமீட்டரில் என்ன சார் கிழியும் என்றேன், தடித்த தந்தியில், கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கட்டங்களில், முதல் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஒரு விரலாக நாலு விரலையும் மணிக்கட்டு முறுகாமல் வைக்கச் சொல்லிப் பார், உங்கம்மாவுக்குக் கிழியறது அங்கேதான் என்றார்.

அவரிடமே ஒரு எட்டில் ஏழு இருந்தது, அதே நிறம். இரவல் வாங்கி உன் கிடார் உறையில் போட்டு, உன் கிடாரை என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அம்மா டியூட்டி முடிந்து வந்தாள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தாள், நாலு மாசமாக வராத பாடம் இழையாக வந்துவிட்டது. என்னங்க, விரல் வளர்ந்திடுச்சுங்க என்று கத்தினாள், அப்பா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை நான், எனக்கு அது சாதனை. நேற்று உண்மையைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. ஏம்மா, பஸ்ஸில் ஏறினதும் முதல் வேலையா என்ன செய்வே என்று கேட்டேன். சீட்டை முன்னால இழுப்பேன், இல்லாட்டி பிரேக் எட்டாதே என்றாள். நெட்டை டிரைவர் விட்டுட்டுப் போன சீட்டுக்காக நீ காலை வளர்க்கலையே, கிடாருக்கு மட்டும் ஏன் விரலை வளர்க்கறே என்றேன். சிரித்துவிட்டாள், ஆனால் உடனே, பெரியவகிட்ட மூச்சு விடாதே, பார்த்துப் பார்த்து வாங்கினது, சின்னது வேணும்னு சொன்னா பிள்ளை மனசு நொந்துடும், நான் வகுப்பையே விட்டுடறேன் என்றாள். அதுதான் மேலே நீ படித்த டியூட்டிக் கதை. நீ பார்த்துப் பார்த்து வாங்கின லட்சணம் எனக்குத் தெரியாதா, கடையில் கூடவே நின்றவள் நான்தானே. ஆச்சரியப்படுத்தணும் என்று அம்மாவைக் கூட்டிப் போகாமல், முக்கால் மணி நேரம் உன் மடியிலேயே வைத்து உன் விரலால் தடவி, கச்சிதமா இருக்குடி என்றாய். உனக்கு இருக்காதா பின்னே, உன் விரல் அப்பா விரல். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது, என் காது பத்திரமாக இருந்தால் மேலும் எழு

பெரியவளே, இனி அம்மாவே எழுதுகிறேன், எழுத்து கோணினால் கொப்புளத்தைத் திட்டு. அவள் காது பத்திரமாக இல்லை. ஆனால் எழுதியது அத்தனையும் உண்மை, அதை அவளிடம் சொல்லி ஏற்றிவிடாதே. நான் மூன்று தடவை படித்தது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். எனக்கென்று வாங்கப் போனவள் மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாய், உனக்கும் ஆசை இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மனசு நோகும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன், நீ எனக்காக மூடிக்கொண்டாய், நல்ல ஜோடி நாம். நான் வகுப்பை நிறுத்தப் போவதில்லை. எட்டில் ஏழு ஒன்று எடுத்துத் தரும்படி சாரிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை என் மடியில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன். நீ உன் கைக்குப் பார்த்து எடுத்தது உன் கைக்கே வரட்டும், அப்பா தந்திகளைத் தளர்த்திவிட்டு என் பழைய கம்பளியைச் சுற்றிப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கூச்சப்படாமல் வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை எதிரே நிறுத்திவைத்து இரண்டு பேரும் வாசிப்போம், பாடத்தில் நான் உன்னைவிட நாலு மாதம் சீனியர், மரியாதையாகப் பேசு.

நினைத்ததெல்லாம் கைகூடி, வாய்விட்டுக் கேட்கிற பிள்ளையாக நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. பெட்டி வந்து சேர்வதற்குள் இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடு, வலது கை நகத்தைத் தொடாதே, தந்தியை மீட்ட அது வேண்டும்.

இப்படிக்கு,
சின்னக் கையால் பெரிய பஸ் ஓட்டும்
உன் அம்மா