பத்து வருடத்தில் பதினாறு மாதம்

என் அன்பான ரோஷினி அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நம் மகள் இப்போது நாலாம் வகுப்பு. போன கிழமை பள்ளிக்கூடத்தில் நாட்களை மாதமாக மாற்றும் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முப்பதால் வகுக்க வேண்டுமாம். நான் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, அப்பா கொழும்புக் கடையிலயிருந்து மாசத்துக்கு எத்தன நாளு வந்து நிப்பாங்க?”

“நாலு நாளு.”

“நீங்க கல்யாணம் கட்டி பத்து வருஷமா?”

“ஆமா. ஏன்டி கேக்குற?”

குனிந்து எழுதினாள். வருடத்துக்கு நாற்பத்தெட்டு நாள். பத்து வருடத்துக்கு நானூற்று எண்பது. முப்பதால் வகுத்தாள், அழித்தாள், மறுபடியும் வகுத்தாள்.

“பதினாறு மாசந்தாம்மா வருது. தப்பா செஞ்சிட்டேனா?”

தப்பில்லை என்றேன். அடுப்பை ஊதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினாறு மாதம் போதுமாங்க, ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள? காய்ச்சல் வந்தால் நீங்கள் கஞ்சி கேட்பீர்களா, ரசம் கேட்பீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்ததெல்லாம் கொழும்பில்தானே.

கடைசிக் காய்ச்சலும் அப்படித்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினீர்கள்! “நம்ம பூண்டுலோயா டவுன்ல நானா கடை மொதலாளி வேல தர்றேன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசத்திலயிருந்து அந்திக்கு அந்தி வீட்டுக்கு வந்துருவேன் புள்ள” என்றீர்கள். அந்தக் கிழமையே டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொழும்புக்குப் போகிற இறம்பொடைப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. நுவரெலியா, ஹட்டன் என்று சுற்றி, பஸ் மாறி மாறி நான் வந்து சேர்ந்தபோது உங்கள் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

இன்னொரு சேதியும் உண்டு. நேற்று நம் தோட்டத்து லய வீடுகளுக்கு வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்சிக்காரர் வந்தார். “குவைத்துல வீட்டு வேல. ரெண்டே ரெண்டு வருஷம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்” என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் மனம் சாய்ந்தது. ஒழுகுகிற கூரையும் பிள்ளையின் படிப்பும் கண்முன்னே நின்றன.

கதவோரம் நின்ற ரோஷினி அவரிடமே சொன்னாள்: “ரெண்டு வருஷம்னா எழுநூத்தி முப்பது நாளுங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செய்தது சரியா, தப்பா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

உங்களுக்கு ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அவளை யார் கையிலும் விட்டுவிட்டு நான் எங்கேயும் போகமாட்டேன். மலையில் எப்படி மழை பெய்தாலும் அந்திக்கு அந்தி நனைந்துகொண்டாவது வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லும்போது கேட்க வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களோடு இன்னும் வாழ ஆசைப்பட்ட பெண்டாட்டி,
ரோஷினி அம்மா