ஆறாவது வீட்டு ஊசி

கிளியனூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் புகழேந்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் புனேவில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம், கன்று போட்ட மாடு சுகம், மல்லாட்டை விளைச்சல் இந்த வருஷம் பரவாயில்லை. என்னைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் கிருஷ்ணவேணி சித்தி எந்நேரமும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், என் வீட்டு விஷயம் எனக்கு முன்னால் அவள் வாயில் வந்துவிடுகிறது. ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன், இன்றைக்கு எப்படியும் முடித்து அப்பாவிடம் கொடுத்துத் திண்டிவனத்தில் கூரியரில் போடச் சொல்லப் போகிறேன்.

போன மாதம் நம் தெருவுக்கு ரத்தம் எடுக்கிற வேன் வந்தது. எனக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறதாம். கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது வருஷம் மூச்சே விடாத கிருமி. பயப்படாதே, விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் மூன்று மாத மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள், தொடங்கிவிட்டேன், குணமாகிவிடும் என்கிறார்கள். அப்பாவுக்கு இல்லை, அவர்தான் ஊசியைக் கண்டால் கொல்லைப்பக்கம் ஓடுகிறவராயிற்றே. தெருவில் பதினோரு பேருக்கு இருக்கிறது. உன் சித்திக்கு இல்லை. அவள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது, பெற்ற பிள்ளையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம், அவளுக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாகவே அமைகிறது.

வேனில் வந்த டாக்டரம்மா ஒரு தாளில் நம் தெருவை வரைந்து வீடு வீடாகக் குறித்துக்கொண்டார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வியாழக்கிழமைதோறும் மொபெட்டில் ஒரு கம்பவுண்டர் வருவாரே, காய்ச்சல், சளி, இடுப்புவலி எதுவானாலும் ஒரு ஊசி. ஊசி போடாவிட்டால் வைத்தியம் பார்த்ததாகவே நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். தெருவில் முதல் வீடு சித்தி வீடு. அவள் அடுப்பில்தான் ஊசியைக் கொதிக்க வைப்பார், முதல் ஊசி அவர்களுக்கு, அப்புறம் அதே ஊசியை ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துக்கொண்டு அடுத்தடுத்த வீடு. என் அடுப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று எத்தனை வியாழன் பொருமியிருப்பேன். மூன்றாவது வீட்டு அஞ்சம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள், அவளுக்குத்தான் முதலில் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. முதல் இரண்டு வீட்டில் யாருக்கும் இல்லை, அஞ்சம்மாள் வீட்டிலிருந்து கடைசி வரைக்கும் அங்கங்கே இருக்கிறது. அதே ஊசியோடு அவர் அடுத்த ஊருக்கும் போவார், இப்போது அந்த ஊரிலும் வேன் நிற்கிறது. அந்த மனுஷனுக்கே இது தெரியாது, அவர் செத்துப் பத்து வருஷமாகிறது. நம் வீடு ஆறாவது.

சித்தி தினமும் கேப்பைக் கூழ் கொண்டுவருகிறாள். ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் ஒட்டும், தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியும் நான் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தேன். இவள் வேண்டுமென்றே அதை எடுத்து, வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க அதிலேயே காபி குடித்தாள். நல்லவள் என்ற பேரும் அவளுக்கே போயிற்று.

இனிமேல்தான் நான் எழுத வந்ததே. நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு வியாழக்கிழமை காய்ச்சலில் உனக்குத் தூக்கித் தூக்கிப் போட்டது. சித்தி ஓடி வந்து, யக்கா, புள்ளைய எங்கூட்டுக்குத் தூக்கினு வா, ஊசி கொதிச்சிக்கினு இருக்குது, ஜல்தியா இவனுக்கு மொதல்ல போட்டுடலாம் என்றாள். அவள் வாசலில் போய் நிற்பதா என்று எனக்கு வீம்பு. எங்கூட்டுக்கும் வருவாரு, நாங்க ஒன்னும் நாதியத்துப் போயிடல என்று சொல்லிவிட்டு உன்னை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் அஞ்சம்மாளுக்குப் போட்டு, அடுத்த இரண்டு வீட்டையும் முடித்துவிட்டு வந்தார். நீ திமிறினாய், நான்தான் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. சித்திக்கு நினைவிருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறாள். கேட்டுத் தொலைத்தால் சண்டையாவது போடுவேன்.

அதனால் கடிதம் கிடைத்த அன்றே லீவு போட்டுப் போய் ஹெபடைடிஸ் சி பரிசோதனை என்று கேட்டு ரத்தம் கொடு. அதுவரைக்கும் உன் ஷேவிங் பிளேடை யாரும் தொடாத இடத்தில் வை. குடிப்பது எப்போதாவது உண்டென்றால் அதையும் விட்டுவிடு. மருமகள் கேட்டால் அம்மா செய்த தப்பு என்றே சொல். நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கு என் முத்தம்.

மறக்காதே, இல்லை என்று வந்தால் நீ யாருக்கு முதலில் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை, சித்திக்கே சொல். இருக்கிறது என்று வந்தால் எனக்கு மட்டும் சொல். அவள் வாசலில் போய் நின்று நானே சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
ஜெயம்