தோலுக்கடியில் ஓர் இடம்

நவ. 12, புதன்
விட்டுவிட்டு மழை. காலையில் லேபில் சர்க்கரை நோய் எலிகளுக்கு சுகர் பார்க்கிற வேலை. வால் நுனியில் ஒரு சொட்டு. நாலாம் எலிக்கு 118! நம்பாமல் வேறு மீட்டர். 121. போன மாசம் வரை நானூறுக்குக் கீழே வராத எலி.

இன்சுலின் சுரக்கும் செல்களை வழக்கமாகக் கல்லீரலில்தான் வைப்பார்கள். அங்கே நிறைய செத்துப்போகும். நாங்கள் வைத்தது தோலுக்கடியில். அங்கே ரத்த ஓட்டம் பத்தாது. அதனால் முதலில் ஒரு மெல்லிய குழாய். சுற்றிலும் ரத்த நாளம் வளர்ந்தபின் குழாயை உருவிவிட்டு, அந்தப் பொந்தில் செல்கள். ஒரு வருஷமாக எதுவும் பிழைக்கவில்லை. இன்றைக்கு இது!

லேப் தலைவி மேடத்திடம் ஓடினேன். "சந்தோஷம்மா. ஆனா குதிக்காதே. அதோட சொந்தக் கணையமே திரும்ப வேலை செய்யுதோ என்னவோ."

மத்தியானம் சாப்பிட்டேனா? ஞாபகமில்லை.

நவ. 16, ஞாயிறு
ஒடுகத்தூர், வீடு. பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ ஒரு அம்மா போனில், "இன்னாடி, மல்லாட்டைய மழையில வுட்டுட்டியா?" வேர்க்கடலைதான் எங்கள் பக்கம் மல்லாட்டை. மலை முழுக்க மேகம்.

தங்கச்சி தேவி, பி.டி. டீச்சர். ஒன்பது வயசிலிருந்து இன்சுலின் ஊசி. போன வாரம் சுகர் இறங்கி மைதானத்திலேயே விழுந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. அம்மா முகம் வாடிக் கிடக்கிறது.

எலி விஷயம் சொன்னேன். வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எலிக்கு முன்னாடி எனக்கு வெச்சிருக்கலாம் இல்லக்கா?"

"மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்கா ஆகும்டி. வருமான்னே தெரியாது."

"வர்றப்ப வரட்டும். வயித்துல மட்டும் வேணாம். குத்திக் குத்தி அது ரிட்டையர் ஆயிடுச்சி. இங்க வையி." கையை நீட்டினாள்.

அம்மாவே சிரித்துவிட்டாள். இரண்டு தோசை அதிகம் எனக்கு.

நவ. 17, திங்கள்
நாலாம் எலிக்கு மயக்க மருந்து. வைத்த செல்களை வெளியே எடுத்தாச்சு. இனி சுகர் ஏறினால், இறக்கியது அந்த செல்கள்தான் என்று உறுதி. ஏறாவிட்டால் ஒரு வருஷம் வீண். நன்றாக இருந்த எலி, பாவம். தையல் மேடம்தான் போட்டார்.

நவ. 19, புதன்
வெயில். 412.

ஏறிவிட்டது! மேடம் டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டார். துடைக்கக்கூட இல்லை. எலிக்கு உடனே இன்சுலின். மன்னிப்பும் கேட்டேன், வாய்விட்டு.

தேவிக்கு போன். "சுகர் நானூறைத் தாண்டிடுச்சிடி!"

"ஐயோ, யாருக்கு? அம்மாவுக்கா?"

"எலிக்குடி! எடுத்ததும் ஏறிடுச்சி. அப்போ இவ்ளோ நாளா வேலை செஞ்சது நாங்க வெச்ச செல்லுதான்!"

மைதானத்தில் நின்றே கத்தினாள். என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.