விரல் பார்த்த கொழுந்து

செவ்வாய்க்கிழமை, நோர்வூட்

பள்ளிக்கு லீவு போட்டு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சீனி வியாதியால் அம்மாவின் இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கண்ணின் பின்திரையில் இரத்தம் எட்டாத இடங்களுக்கு, உடம்பைக் காக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் உதவ ஓடி வருகின்றனவாம். புது இரத்தக் குழாய்கள் முளைக்க அவையும் துணைபோகின்றன. அந்தக் குழாய்களுக்குப் பலமில்லை. உடைந்துவிடுகின்றன.

"நல்லது செய்யத்தானே வந்துச்சு பாவம்" என்றார் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்பருந்து மங்கலா தெரியுது?"

"போன தீவாளிலருந்து."

"ஏன்மா சொல்லல?"

"கொழுந்து எடுக்க கண்ணு எதுக்கு புள்ள? வெரலுக்குத் தெரியாதா?"

முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறித்த பழக்கம். அதனால்தான் மலையில் யாருக்கும் தெரியவில்லை. கூடையில் இளங்கொழுந்தோடு முற்றிய இலையும் சேரத் தொடங்கியபோது, வேலையை மேற்பார்க்கும் கங்காணி எல்லார் முன்னாலும் அதைக் கொட்டிக் காட்டி, "ஏமாத்துறியா?" என்று கேட்டிருக்கிறார். இலையைப் பார்த்த மனுசன் அம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. நாளைக்கு நேரே போய் என்ன கேட்பதென்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றில் கல் கடித்தது. போன மாதமும் கடித்தது. அன்றைக்கு, "அரிசியப் பாத்துக் களைய மாட்டீங்களா?" என்று கத்திவிட்டுத் தட்டைத் தள்ளியவள் நான். அம்மா அப்போது விரலால் சோற்றைத் தடவித் தடவிக் கல் தேடினார்.

கங்காணியிடம் நான் என்னவென்று கேட்பது.