நீ சொன்ன கிரேக்க ஊர்

நேற்று வேலைக்குப் போகும் வழியில், கோட்-டெ-நெய்ஜ் மெற்றோ நிலையத்துச் சுவரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். ஆப்கானிஸ்தானின் பழம்பொருட்களை ஒட்டாவாப் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில் வைத்திருக்கிறார்களாம். படத்தில் இலைகள் விரிந்த கல்தூண் ஒன்றின் தலை. கீழே சிறிய எழுத்தில் ஊரின் பெயர்: அய் கானூம். இரண்டு ரயில்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அந்தப் பெயரை எனக்குச் சொன்னவள் நீ. நீ போய் ஒரு வருடம் கடந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் நாமிருவரும் ஒரே மாடியைத் துப்புரவு செய்தோம். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, சண்டையால் பாதியில் விட்டவள் நீ. விரிவுரை மண்டபத்தில் மாணவர்கள் போட்டுவிட்டுப் போன தாள்களை நான் பையில் அள்ளுவேன். நீ ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் போடுவாய். அப்படிக் கிடைத்ததுதான் அய் கானூமின் வரைபடம் போட்ட பாடக்குறிப்பு. உன் மகளின் பிரெஞ்சு அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கிழமை முழுக்க அதை வாசித்தாய்.

"இஞ்சை பாரடி," என்று பஸ்ஸில் தொடங்கினாய். "அலெக்சாண்டருக்குப் பின்னாலை வந்த கிரேக்கர். ஆப்கானிஸ்தானிலை ரெண்டு ஆறு சேருற இடத்திலை ஊர் கட்டி இருந்திட்டினம். நாடக அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், எல்லாம் கிரேக்கத்திலை இருக்கிற மாதிரியே. ஒலிவ் எண்ணெய் கூட வெளியிலையிருந்துதான் வந்திருக்கு."

"நாங்கள் முருங்கைக்காய் பிளேனிலை இறக்கிற மாதிரியோ?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகொரு பிற்பகல், அந்த ஊரைப் பற்றிய வகுப்பு நடக்கும்போதே தண்ணீர் வாளியோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பேராசிரியர் முடித்ததும், உன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாய்: கடைசியில் அந்த மக்களுக்கு என்ன நடந்தது? மாணவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஊர் எரிந்தது, மக்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார் அவர். அன்று மேற்பார்வையாளரிடம் நீ வாங்கிய ஏச்சு உன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எரிஞ்சது கிரேக்கத்திலை ஆருக்காவது தெரிஞ்சிருக்குமோ?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாய்.

சமாதான காலத்தில் ஊருக்குப் போனாய். உங்கள் வீடு இராணுவ வலயத்துக்குள் இருந்தது. முட்கம்பிக்கு இப்பால் நின்று உங்கள் பனைமரங்களைத்தான் பார்க்க முடிந்ததாம். திரும்பி வந்தபின் ஊர்க்கதை குறைந்தது. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து சொன்னாய்:

"கிரேக்கர் ஊருக்குள்ளை ஆரையும் புதைக்கிறேல்லையாம். ஆனா அந்த ஊரை உண்டாக்கினவரை மட்டும் மதிலுக்கு உள்ளுக்கை, நடுவிலை வைச்சிருக்கினம். ஆரும் ஒருத்தர் அந்த மண்ணோடை சேர்ந்தாத்தான் அது எங்கட ஊர். என்ரை சாம்பலை இஞ்சத்தை ஆத்திலை விடு. அங்கை அனுப்ப விடாதை. அண்ணாட்டை நீதான் சொல்லவேணும்."

"ஓம்," என்றேன்.

ரொறன்ரோவிலிருந்து உன் அண்ணா வந்தார். தகனம் முடிந்த மறுநாள், உன் வீட்டு வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சாம்பலை ஊருக்கு அனுப்புவம், கொழும்பிலை ஆள் இருக்கு. யாழ்ப்பாணப் பாதை திறந்தவுடனை கீரிமலைக் கடலிலை கரைக்கக் கொண்டுபோவினம்."

சண்டையால் மூடிய பாதை எப்போது திறக்கும் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியாது. அதுவரை நீ கொழும்பில் யாருடையதோ ஒரு அலுமாரியில் இருப்பாய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் மூத்தவர், குடும்பத்தவர், நான் பிறத்தியாள். கையிலிருந்த தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசியது உன் மகள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை, அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்: "மாமா, அம்மா இஞ்சை இருக்கட்டும். எனக்கு அங்கை தெரியாது. நான் அம்மாவைப் பாக்க எங்கை போறது?"

உன் அண்ணா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த நாள் அஹுன்ட்சிக் பகுதியின் ஆற்றங்கரைக்குப் போனோம். குளிர் தொடங்கியிருந்தது. முதலில் அவர், பிறகு உன் மகள். அவள் என்னிடம் நீட்ட, நானும் ஒரு பிடி சாம்பலை ஆற்றில் விட்டேன். நீ கேட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்பாள்.

போன மாதம் என் கணவரிடம், "எனக்கும் இந்த ஆறுதான். இப்பவே சொல்லி வைக்கிறன்," என்றேன். "உனக்கென்ன விசரே?" என்றார். பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அப்ப எனக்கும்," என்றார்.

உனக்காக வர மறுத்த சொல் எனக்காக வந்துவிட்டதே என்பதுதான், தோழி, இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.