நாற்பத்தொரு கடிதங்கள்

ஏப்ரல் 9

பெரியவர் ராஜினாமாக் கடிதம் அனுப்பி இன்றோடு ஆறு நாள். அவைத் தலைவர் அலுவலகத்திலிருந்து மூச்சுப் பேச்சில்லை. பெரியவருடைய தொகுதி அலுவலகத்தைப் பத்தொன்பது வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் நான். ஒரு தாள் மேசை விட்டு மேசை நகர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? யாரோ அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரியவரை மகள் வந்து அழைத்துப் போய்விட்டாள். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்களாம்மா?" என்றார். மறதி விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது மகளின் கட்டளை. இந்த நோட்டைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸ் பெஞ்சில் உதவி கேட்டு ஒன்பது பேர். ஒருவருக்குக் கண் ஆபரேஷன், ஒரு பெண்ணுக்கு ரேஷன் கார்டு. கடிதம் அடித்து, டிராயரில் இருக்கும் பெரியவரின் கையெழுத்து ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்தேன். ராஜினாமாவை ஏற்கும்வரை அவர்தானே உறுப்பினர்?

ஏப்ரல் 17

சட்டப் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். இடம் காலி என்று அறிவித்தால் அறுபது நாளுக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். ஆனால் அவையின் ஆயுள் ஒரு வருடத்துக்குக் கீழே போய்விட்டால் இடைத்தேர்தலே கிடையாது. பொதுத்தேர்தல் வரை நாற்காலி காலிதான். அந்தக் கெடு ஜூன் 20. அதுவரை கடிதத்தை ஏற்காமல் இழுத்தடித்தால் போதும்.

காலியாகக் கிடந்தால் யாருக்கு லாபம்? ஆளும் பக்கத்துக்கு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடி மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்க்கும் மசோதா செப்டம்பரில் ஓட்டுக்கு வருகிறது. எங்கள் தொகுதியின் ஓட்டும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி; சமம் என்றால் மசோதா விழும், அது எங்கள் அவை விதி. அந்த ஓட்டு இல்லையென்றால் ஒன்றில் ஜெயித்துவிடும்.

அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில்தான் தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாவட்ட ஆஸ்பத்திரி என்றால் பஸ்ஸில் போக மூன்று மணி, வர மூன்று மணி. இப்போதே மாடிப்படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறான். தாங்கமாட்டான்.

இதையெல்லாம் சொன்னால் சிரிக்கிறான். "அக்கா, உன்னை போலீஸ்ல சேர்த்திருக்கணும். கடவுளையே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பே."

சிரிக்கட்டும்.

மே 2

எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்திருந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத மனுஷன். கண்ணாடிக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். பத்து வருடமாக இந்தத் தொகுதி மேல் ஒரு கண். நியாயமாகப் பார்த்தால் இடைத்தேர்தல் வேண்டும் என்று முதலில் தொண்டை கிழியக் கத்தவேண்டியவர் அவர்தான். "அவசரப்படாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

மே 3

பொறுக்க வேண்டுமாம். விலை போய்விட்டார்!

மே 14

ஜெராக்ஸ் கடைக்குப் போனவள் அங்கேயே நாற்பது நிமிஷம் நின்றேன். காரணம், எதிரே ஆளும் பக்கத்து வக்கீலின் ஆபீசுக்குள் கண்ணாடிக்காரர் நுழைந்தார். வெளியே வரும்போது கக்கத்தில் ஒரு பழுப்புக் கவர். போகும்போது இல்லை, நான் பார்த்தேன். கடைக்காரர், "எத்தனை காப்பி மேடம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

தம்பியிடம் சொன்னேன். "கல்யாணப் பத்திரிகையா இருக்கும்" என்றான். இவனுக்கு எல்லாமே விளையாட்டு.

மே 15

பெஞ்சில் பதினொரு பேர். ஸ்டாம்ப் மங்கலாக விழுகிறது. மைப்பெட்டி புதிதாக வாங்கினேன்.

மே 27

அவைச் செயலகத்துப் பதிவறை அம்மாவை முகம் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாகப் போனில்தான் சிநேகம். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மேடம், அது அவரே மனசார எழுதின ராஜினாமாதானான்னு சந்தேகம்னு ஃபைல்ல எழுதிட்டாங்க. விசாரணை நடக்குது."

இரண்டு அதிகாரிகள் பெரியவரை நேரில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து நின்று, "இன்னிக்கு அவை உண்டா? என் கோட்டு எங்க?" என்றாராம். பதில் அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. சந்தேகம் என்று எவன் கிளப்பிவிட்டான்? எவன் என்ன எவன் — பழுப்புக் கவர்!

ஜூன் 6

இன்னும் பதினான்கு நாள். கண்ணாடிக்காரரை ஆபீசுக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எவ்வளவுக்குப் போனீங்க, என் தம்பி உசுரு உங்களுக்கு இளப்பமா, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பைக்குள்ளிருந்து அதே கவரை எடுத்தார். உள்ளே நகல்கள். என் டைப்பிங், பெரியவர் கையெழுத்து. ஏப்ரல் ஒன்பது, பதினொன்று, பதினான்கு... இப்படி மே கடைசி வரை. அவர்கள் கையில் சிக்கியது மட்டும் நாற்பத்தொன்று.

"விஷயம் மே முதல்லயே காதுல விழுந்துச்சு. கவர் வக்கீல் குடுத்தது. அப்புறம் வந்ததையும் சேர்த்து வெச்சிருக்கேன். ராஜினாமா பண்ணவர் எப்படி தினம் கையெழுத்துப் போடுறார்னு கேக்கறாங்கம்மா. அப்ப அவர் விலகல, அந்தக் கடிதம்தான் போலின்னு சொல்றாங்க."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? நேரா போய் ஒத்துப்பீங்க. உள்ள வெச்சுடுவான். வேற வழி கிடைக்குமான்னு பாத்தேன், கிடைக்கல. யார் குத்தினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு எப்பவோ சீட்டு வந்திருக்கும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொல்ல மனசு வரல."

நான் அவருக்கு டீகூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 7

அவர்கள் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் பத்து மணிக்கு ஆபீஸ் திறந்து, மை தடவி, சாக்கை நானே குத்திக் கொடுத்திருக்கிறேன். ஐயோ.

மக்களுக்காகத்தானே செய்தேன்? இல்லை, நான் உள்ளே வரும்போது பெஞ்சே எழுந்து நிற்குமே, அதற்காகவா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் என்னைத்தான் விட்டுவிட்டேன்.

ஜூன் 9

தம்பியிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த பிளாஸ்திரியை நீவிவிட்டுக்கொண்டான். அப்புறம், "எனக்காக ஜெயிலுக்குப் போகாதேக்கா" என்றான்.

"உனக்காக எவடா போறா? குத்தினது நான்."

சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்த ஒரு தடவை அவன் சிரித்திருக்கலாம்.

ஜூன் 11

ராஜினாமா அவர் கைப்பட எழுதியது, அதற்குப் பிறகு விழுந்த கையெழுத்தெல்லாம் நான் குத்திய ஸ்டாம்ப் என்று நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். அடியில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அந்த ஆபீஸ் தாளில் என் கையெழுத்து விழுவது இதுதான் முதல் தடவை.

ஸ்டாம்பைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு தலைநகர் போனேன். பதிவறை அம்மா சின்ன உருவம், பெரிய குரல். வாங்கிப் படித்தாள். "இதை நான் நம்பர் போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது மேடம்." போடச் சொன்னேன். நம்பர் போட்டுவிட்டால் அவர்களாலும் ஒளித்துவைக்க முடியாது.

ஜூன் 18

இடம் காலி என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு வேலை போயிற்று, வழக்கும் வந்தது. திங்கள்தோறும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 10

இடைத்தேர்தல். தம்பி பள்ளிக்கூட வரிசையில் ஒரு மணி நேரம் நின்றான். ஊசி போட்ட கையில் பிளாஸ்திரி. நாற்காலி போடுகிறேன் என்றவர்களை விரட்டிவிட்டான்.

நான் கண்ணாடிக்காரருக்குப் போட்டேன். போட்டுவிட்டு, மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று அதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டேன்.

செப்டம்பர் 23

சரிக்குச் சரி. மசோதா விழுந்தது. தம்பி இரண்டாவது மாடியிலிருந்து போன் பண்ணி, "மெஷின் ஓடுதுக்கா" என்றான்.

செப்டம்பர் 30

தம்பியின் டயாலிசிஸை அதிகாலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்ற உறுப்பினர் கடிதம் வேண்டுமாம். பழைய ஆபீசுக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன், ஏழாவது ஆளாக. பெஞ்சு இவ்வளவு ஆடும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியவே தெரியாது.

புது உதவியாளர் கடிதம் அடித்துவிட்டார். "ஐயா வந்துதான் கையெழுத்துப் போடணும். லேட்டாகும், பரவாயில்லையா?"

டிராயரை ஒரு பார்வை பார்த்தேன். பழக்கம் போகுமா?

"பரவாயில்ல. வரட்டும்."

மூன்று மணி நேரம். கண்ணாடிக்காரர் வந்து, நின்றபடியே பேனாவை உதறிப் போட்டுக் கொடுத்தார். கோணல்மாணலான கையெழுத்து. அவசரமாக மடித்ததில் கட்டைவிரலில் மை ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் கழுவவில்லை.